எண்கள் எங்கிருந்து வந்தன?

மதிப்புக்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்தில் தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். எல்லோரும் 2009க்குப் பின் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நாற்பதாயிரமா, எழுபதாயிரமா, ஒன்றரை இலட்சமா என்று ஒருவர் கேட்டார். குறைந்த எண்தான் சரியென்றால் அது இனப்படுகொலை இல்லையா என்றார் இன்னொருவர். இவற்றை எப்படிக் கற்பிப்பது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஓர் எண்ணைத் தெரிவுசெய்து ஒப்புவிக்க வைப்பதைவிட, ஒவ்வோர் எண்ணும் எப்படி வந்தது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கிலிருந்து தொடங்கலாம். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர், கச்சேரி (மாவட்டச் செயலக) பதிவுகளின்படி, 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். மாணவர்களே கழிக்கட்டும், மீதி 146,679. அந்த மீதி எதைக் குறிக்கிறது என்று பிறகு கேளுங்கள். ஆயர் அவர்களை இறந்தவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்டார். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்ட 40,000 வேறு வகையானது: கொல்லப்பட்ட பொதுமக்கள் அந்த அளவு வரை இருக்கலாம் என்பதை மறுத்துவிட முடியாது என்னும் மதிப்பீடு அது. 2012இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வுக் குழு சொன்ன எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரோ, மறுபடியும் கணக்கில் வராதோர். மூன்றும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. இதை விளங்கிக்கொண்ட பிள்ளையை, எண்கள் முரண்படுவதால் எதுவுமே நடக்கவில்லை என்று வாதிடுபவர் எளிதில் மடக்க முடியாது. (கணித ஆசிரியரையும் ஒரு பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளலாம்.)

அடுத்த கேள்விக்கு 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைச் சமவாயத்தின் 2ஆம் உறுப்புரையை வாசிக்கக் கொடுங்கள். அதில் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ, அக்குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே அங்கு அளவுகோல். பொஸ்னியாவின் சிரெப்ரெனிச்சாவில் 1995 ஜூலையில் கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் ஏறத்தாழ 8,000 பேர்; அதை இனப்படுகொலை என்று சர்வதேச நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. தமிழருக்கு எதிராக நடந்தது இனப்படுகொலை என்று வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் நிறைவேற்றியது தீர்மானம், நீதிமன்றத் தீர்ப்பு அன்று. அத்தீர்மானத்தோடு உடன்படுபவன் நான். ஆயினும் இந்த வேறுபாட்டை மறைத்துக் கற்பிப்பதை ஏற்கமாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு உங்கள் மாணவர்கள் அடிக்கடி கடந்துபோகும் இடந்தான். 1995இல் அதே திகதியில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் மக்கள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். இந்தக் கதையைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். முன்னையதைக் கேட்டிருப்பது அரிது, ஆகவே வகுப்பில் அதற்கே அதிக நேரம் கொடுங்கள். வெளியேற்றப்பட்டோரின் தொகைக்கும் மதிப்பீடுகள்தான் இருக்கின்றன. யார் எண்ணினார்கள், எந்தப் பதிவிலிருந்து எண்ணினார்கள் என்று அங்கும் கேட்கட்டும்.

உறவினரை இழந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும். அவர்களை எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்க வேண்டாம். என்ன படிக்கப்போகிறோம் என்பதை முந்திய நாளே அறிவித்துவிட்டால், அன்று வகுப்பில் இருக்க விரும்பாத பிள்ளை அதை உங்களிடம் தனியே சொல்ல இடமிருக்கும்.