டை ஃபிட்டர் வீட்டுப் பெண் ப்ரொடக்‌ஷன் இன்ஜினியரிங் கேட்கிறாள்

அண்ணா, வணக்கம்.

நேற்று சாயங்காலம் உங்கள் மகள் பாப்பாவின் மார்க் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் பேசிய அரை மணி நேரமும் நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு. 27 வருஷம் டூல் ரூமில் டை ஃபிட்டிங் (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகளைப் பொருத்தும் வேலை) பார்த்த கையில் அது சோப்புக்கெல்லாம் போகாது. "இந்தக் கை என்னோட போகட்டும் மேடம், பாப்பா ஏசி ரூம்ல உட்காரட்டும்" என்றீர்கள். அவளோ ப்ரொடக்‌ஷன் இன்ஜினியரிங்தான் என்று நிற்கிறாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் முடித்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க கார் கம்பெனித் தலைவர்கள் பேரை பாப்பா எடுத்ததும், "அவங்கெல்லாம் பரம்பரைப் பணக்காரங்க, நமக்கு எப்படி ஒத்து வரும்?" என்றீர்கள். வால்டர் கிரைஸ்லரின் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கான்சாஸ் மாநிலத்தில் எல்லிஸ் என்ற சின்ன ரயில்வே ஊர். அப்பா நீராவி இன்ஜின் டிரைவர். பையன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்றான். அப்பா முடியாது, காலேஜுக்குப் போ என்றார். உங்களைப் போலத்தான், கரி பட்ட கை தன்னோடு போகட்டும் என்று நினைத்திருப்பார். பையன் என்ன செய்தான் தெரியுமா? அதே ஒர்க்‌ஷாப்பில் தரை கூட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மணிக்கு 10 சென்ட். பிறகு அப்பா இறங்கிவந்து அப்ரண்டிஸாகச் சேர விட்டபோது சம்பளம் மணிக்கு 5 சென்ட் ஆனது. கூட்டுகிறவனுக்கு 10, தொழில் கற்கிறவனுக்கு 5!

அப்புறம் அவர் தன் டூல்களைத் தானே செய்துகொண்டார், தபால் வழியில் இன்ஜினியரிங் படித்தார். 1908இல் சிகாகோ கண்காட்சியில் ஒரு காரைப் பார்த்து மயங்கி, கையில் 700 டாலர்தான் இருந்தும் மீதியைக் கடன் வாங்கி 5,000 டாலருக்கு வாங்கினார். வாங்கிய காரை உடனே ஓட்டவில்லை. கொட்டகையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். பிற்பாடு, ரயில் இன்ஜின் கம்பெனியில் வருஷத்துக்கு 12,000 டாலர் கிடைக்கும் இடத்தில் இருந்துகொண்டே, 6,000 டாலருக்கு ப்யூக் கார் தொழிற்சாலைக்குப் போனார். 1925இல் அவர் பெயரிலேயே கம்பெனி வந்தது. நான் இதில் பார்ப்பது அந்த இரண்டு சம்பளக் குறைப்புகளைத்தான். இரண்டு தடவையும் கற்றுக்கொள்ளும் இடத்துக்காகப் பாதிச் சம்பளத்தை விட்டிருக்கிறார். பாப்பாவுக்கும் முதல் நாலைந்து வருஷம் இது நடக்கலாம். அவள் கூடப் படித்தவள் ஐடியில் சேர்ந்து இவளைவிட அதிகம் வாங்குவாள், கல்யாண வீட்டில் யாராவது அதைக் கேட்கவும் செய்வார்கள். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

சரி, ப்ரொடக்‌ஷன் இன்ஜினியரிங் என்றால் மெஷின் ஓட்டுவதுதானே என்று கேட்டீர்கள். ஹென்றி ஃபோர்டு கம்பெனியில் 1913இல் நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். காரின் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை ஒரே ஆள் உட்கார்ந்து முழுதாகப் பூட்டினால் ஒன்றுக்குச் சுமார் 20 நிமிஷம். அந்த வேலையை 29 ஆகப் பிரித்து வரிசையில் ஆள் நிறுத்தினார்கள், 13 நிமிஷம் 10 விநாடி ஆனது. மறு வருஷம் அந்த லைனை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அவ்வளவுதான். 7 நிமிஷமாக இறங்கியது. ஆட்கள் குனிய வேண்டியிருக்கவில்லை. வேகத்தையும் சரிசெய்த பிறகு 5 நிமிஷம். அந்த 8 அங்குலத்தைக் கண்டுபிடிக்கிற படிப்புதான் இது. நீங்கள் டூல் ரூமில் பெஞ்ச் உயரத்தைப் பற்றி எத்தனை தடவை முணுமுணுத்திருப்பீர்கள், யாராவது காதில் வாங்கினார்களா?

இதன் மறுபக்கமும் உண்டு. நாள் முழுக்க ஒரே நட்டைத் திருகும் வேலை பிடிக்காமல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். அதைத் தடுக்கத்தான் 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று ஃபோர்டு அறிவிக்க வேண்டி வந்தது. அந்தத் தர்மப் பிரபு பட்டமெல்லாம் பிறகு ஒட்டியது.

ஃபோர்டு காலேஜ் போகவில்லையே, 16 வயதில் டெட்ராய்ட்டில் மெஷின் ஷாப்புக்குப் போனவர்தானே என்று பாப்பா ஒருநாள் உங்களை மடக்கலாம். உடனே ஆல்ஃபிரட் ஸ்லோன் பேரைச் சொல்லுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியை 1923 முதல் நடத்தி, ஃபோர்டை முந்த வைத்தவர். 1895இல் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் முடித்தவர் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன்). ஆனால் அந்தப் பட்டதாரிக்கும் பாடம் ஷாப் ஃப்ளோரில்தான் கிடைத்தது. அவர் அப்போது ரோலர் பேரிங் (அச்சு உரசாமல் சுழல வைக்கும் உருளைகள்) விற்றுக்கொண்டிருந்தார். காடிலாக் கார் கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்டுக்கு அனுப்பிய பேரிங்குகள் ரிஜெக்ட். நேரில் போனால், துப்பாக்கித் தொழிற்சாலையில் தொழில் கற்ற அந்தக் கிழவர் மைக்ரோமீட்டரை (மிகச் சின்ன அளவையும் காட்டும் அளவுகோல்) எடுத்து ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. லேலண்ட் சும்மா பேசுகிற ஆள் இல்லை. 1908இல் இங்கிலாந்தில் மூன்று காடிலாக் கார்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்துபோட்டு, திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டியது அவருடைய கம்பெனி. அரம் போட்டுத் தேய்க்காமல்! அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

பெண் பிள்ளை என்கிறீர்கள். மேரி பாரா என்று ஒருவர். அப்பா பான்டியாக் கார் தொழிற்சாலையில் 39 வருஷம் டை மேக்கர், உங்கள் வேலைதான். மகள் 1980இல், 18 வயதில், காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக அதே பான்டியாக்கில் ஃபெண்டர், பானட் தகடுகளைச் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். படித்தது ஃப்ளின்ட் நகரத்தில், கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை என்று மாற்றி மாற்றிப் போகும் ஜெனரல் மோட்டார்ஸின் கல்லூரி. 2014 ஜனவரியில் அந்தக் கம்பெனிக்கே தலைவர்.

பதவியேற்ற சில வாரத்திலேயே அவர் தலையில் விழுந்ததுதான் உங்களுக்கு உறைக்கும். பழைய மாடல் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் லூஸ். கனமான சாவிக்கொத்து தொங்கினாலே சாவி திரும்பி, ஓடுகிற வண்டி அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 124 பேர் உயிர் போனதாகக் கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. உள்ளே சாவியை நிலையாகப் பிடித்துவைக்கும் ஒரு சின்னப் பிளஞ்சர், அதன் பிடிப்பு ஸ்பெசிஃபிகேஷனுக்குக் குறைவு. பல வருஷத்துக்கு முன்பே யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதனால் எந்த வண்டியில் பழசு, எதில் புதுசு என்று கண்டுபிடிக்கவே வருஷங்கள் ஆகின. டிராயிங்கில் ரிவிஷன் போடாமல் டையைத் தொட்டவனை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் பாப்பாவுக்கும் இருக்கிறது, நான் கேட்டுப் பார்த்தேன். "அது எப்படி மேடம் நம்பர் மாத்தாம விடுவாங்க?" என்று எகிறினாள்.

மறைமலை நகரில் ஃபோர்டே மூடிவிட்டுப் போனதைச் சொன்னீர்கள். உண்மைதான், 2021இல் அறிவித்து 2022இல் கார் தயாரிப்பை நிறுத்தினார்கள். கம்பெனி வரும், போகும். ஜிக், ஃபிக்ஸர் (வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் அமைப்புகள்), டை தெரிந்தவர் இன்று காருக்கு, நாளைக்கு பம்புக்கு, அப்புறம் விமானப் பாகத்துக்கு என்று போய்க்கொண்டே இருக்கலாம். நீங்களே எத்தனை கம்பெனி மாறியிருக்கிறீர்கள்?

இனி செய்ய வேண்டியது. வகுப்பும் தொழிற்சாலையும் மாறிமாறி வரும் முறையை 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களோடு தொடங்கினார்கள். நம் ஊரில் கோவை பி.எஸ்.ஜி. காலேஜில் சாண்ட்விச் என்ற பெயரில் இருப்பதும் அந்தச் சாயல்தான். ஒரு வருஷம் அதிகம் பிடிக்கும், ஆனால் கவுன்சிலிங்கில் முதலில் அதைப் போடுங்கள். வேறு காலேஜ் என்றால் லேபில் சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்பார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவி கையில் அது ஓடும் என்று கேளுங்கள். மெஷின் மேல் தூசி இருக்கிறதா என்று விரல் வைத்தே பாருங்கள், உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்கு எடுக்கும் கம்பெனிகளில் பெண்களுக்கு நைட் ஷிப்ட் வண்டி, ஷாப் ஃப்ளோரிலேயே கழிப்பறை உண்டா என்பதை அங்கே வேலை பார்க்கும் சீனியர் பெண்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பிளேஸ்மென்ட் ஆபீசரிடம் வேண்டாம்.

கவுன்சிலிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டு, பத்து நாள் அவளை டூல் ரூமுக்குக் கூட்டிப் போங்கள். பெரிய வேலை எதுவும் தர வேண்டாம். தினம் இருபது பீஸ் அளந்து நோட்டில் எழுதட்டும். மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் வாசனையிலேயே உட்காரட்டும். பத்தாம் நாள் அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள், சனிக்கிழமை என்றால் கூட்டம் இருக்காது. உங்கள் மைக்ரோமீட்டரையும் எடுத்து வாருங்கள், எனக்கும் ஒரு தடவை அதைப் பிடித்துப் பார்க்க ஆசை.