தை அமாவாசையும் டெட்டும் ஒரே நாள்ல வந்தா?

கேள்வி: அண்ணா, கொச்சில இருந்து டிக்கெட் சீப்பா கிடைச்சுதுன்னு 2027 பிப்ரவரி 4 போயி 10 திரும்பற மாதிரி ஹோ சி மின் சிட்டிக்கு போட்டுட்டோம். அப்புறம்தான் சொல்றாங்க, 6ஆம் தேதி வியட்நாம்காரங்களுக்கு டெட் புத்தாண்டாம், ஊரே கடைய சாத்திருமாம். எதுல பாத்தாலும் மீன் சாஸ் வேறயாம். கூட வர்ற மாமியார் முட்டை கூட தொட மாட்டாங்க, அன்னிக்கு தை அமாவாசைங்கறதால வெங்காயம் பூண்டும் கிடையாது. கேன்சல் பண்ணிடலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கேன்சல்லாம் வேணாம்மா. நீங்க பயப்படற அந்த 6ஆம் தேதிதான் உங்க மாமியாருக்கு ஈஸியான நாளே. அவங்க காலண்டர்ல மாசம் பொறக்கறதே அமாவாசைலதான், அமாவாசை பௌர்ணமிக்கு நம்மள மாதிரியே சைவம் சாப்பிடற புத்த குடும்பங்க அங்க நிறைய, அதுலயும் வருஷத்தோட மொத நாள்னா கேக்கவே வேணாம். புத்த கோயில் பக்கமா போய்ப் பாருங்க, சைவக்கடை திறந்திருக்க நல்ல சான்ஸ் இருக்கு.

ஆனா வெஜிடேரியன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் மொத தடவ போனப்ப தொண்ட வத்த அதத்தான் சொன்னேன், நல்லா தலையாட்டிட்டு டோஃபு கொண்டு வந்து வச்சாங்க, கறி இல்லதான், நாலு வாய் உள்ள போனப்புறம்தான் அந்த வாடை என்னன்னு புரிஞ்சுது. மீன் சாஸ் அவங்களுக்கு நம்ம உப்பு மாதிரி, அத யாரும் மீன் கணக்குல சேக்கறதில்ல. நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை 'ச்சய்', இங்கிலீஷ் எழுத்துல chay. அது புத்த சைவம், மீன் சாஸ் வராது, கோயில் முறைப்படி சமைக்கற இடத்துல வெங்காயம் பூண்டும் வராது. நம்ம ஊர் டீத்தூள் ஞாபகத்துல 'சாய்'னு இழுத்துட்டீங்கன்னா பாட்டில்னு அர்த்தமாயிடும், அதனால குறுக்கிச் சொல்லுங்க, அந்த நாலு எழுத்த போன்ல போட்டோவாவும் வச்சுக்கோங்க.

நிஜமான கஷ்டம் 5ஆம் தேதி சாயங்காலமும் 7, 8ஆம் தேதியும்தான். எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிருப்பாங்க, திறந்திருக்கற ஹோட்டல்லயும் ரேட் ஏத்திருப்பாங்க. 5 காலைலயே மார்க்கெட் போய் தர்பூசணி, வாழப்பழம், தேங்கா மிட்டாய் வாங்கிடுங்க. வாழை இலைல சுத்தின பான் டெட்னு ஒண்ணு விப்பாங்க, சாதாரணமா உள்ள பன்னி இறைச்சி இருக்கும், ச்சய்னு கேட்டு வாங்குங்க, வாழப்பழம் வச்சதும் உண்டு. நூடுல்ஸ் பாக்கெட்லயும் அந்த நாலு எழுத்து இருக்கான்னு பாருங்க. மிச்சத்துக்கு ரவா உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி, நாலு பாக்கெட் ஊட்டி வர்க்கி, சின்ன கெட்டில் ஒண்ணு.

அமாவாசைக்கு மாமியார் கோயில் கேட்டாங்கன்னா, ஊர் நடுவுல ட்ரூங் டின் தெருல நம்ம மாரியம்மனே இருக்கா, அந்தக் காலத்துல அங்க பொழைக்கப் போன தமிழங்க கட்டினது. இன்னிக்கு கும்பிடறவங்கள்ல பாதிக்கு மேல அந்த ஊர்க்காரங்கதான்.

இன்னொண்ணு, 6 காலைல யார் வீட்டுக்குள்ளயும் கூப்பிடாம நுழைஞ்சுடாதீங்க. மொதல்ல வாசப்படி மிதிக்கறவங்க ராசிதான் வருஷம் பூரான்னு நம்பறாங்க, பழி உங்க தலைல விழும். விசாவ ஜனவரிலயே போட்டுடுங்க, அந்த ஆபீஸுக்கும் டெட் லீவு உண்டு.

கேள்வி: பால் கூட சேக்காத வீகனுக்கு அங்க காபி?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: சும்மா காபின்னா கண்டென்ஸ்டு மில்க் ஊத்திருவாங்க. 'கா ஃபே டென்'னு கேளுங்க, கருப்பா வரும். நம்ம கடுங்காப்பிய விட ரெண்டு மடங்கு கசக்கும், பாத்துக்கோங்க.