யாரிடம் கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். வயது 42. 'பணியுமாம் என்றும் பெருமை' என்று பள்ளியிலேயே படித்தாயிற்று, ஆனால் யார் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் 'இவருக்கு என்ன தெரியும்' என்றுதான் முதலில் தோன்றுகிறது. சிலப்பதிகாரம் வாசிக்க ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். மாதவி ஆடி அரங்கேறும் அரங்கேற்று காதை வந்தபோது, வீணை கற்ற ஒரு கல்லூரிப் பெண் எங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் விலகிவிட்டேன். அகங்காரத்தை ஒழிப்பது எப்படி? நல்ல குருவை எப்படிக் கண்டுபிடிப்பது? பணிவு வர என்னென்ன நூல்கள் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றில் கும்பகோணம் பகுதியைத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

அகங்காரத்தை ஒழிக்கும் வழி எனக்குத் தெரியாது. ஒழித்தவர்களை இலக்கியக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். 'நான் மிக எளியவன்' என்று தொடங்கி அடுத்துப் பேச வேண்டியவரின் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார்கள். குரு விஷயம் அப்புறம். நூல் பட்டியல் தரமாட்டேன்.

சரி, கும்பகோணம். 1880ஆம் ஆண்டு. உ.வே.சா.வுக்கு 25 வயது, கல்லூரியில் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறை சைவ மடத்தின் செல்லப்பிள்ளை. ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். அதனாலெல்லாம் என்ன பயன் என்று சொல்லிவிட்டு, சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தைப் படித்ததுண்டா என்கிறார் முதலியார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மேடைக்கு மேடை சொல்கிற கதைதான்.

எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். அதிகாரத்தில் இருப்பவர் குறை சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்பதில் என்ன பெரிய பணிவு வேண்டிக்கிடக்கிறது? உங்கள் எம்.டி. சொன்னால் நீங்களும்தான் கேட்பீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நச்சினார்க்கினியர் உரை இருந்தும் நூல் பிடிபடவில்லை. 3,000க்கும் மேற்பட்ட பாடல்கள், சமண சமயச் செய்தி வருகிற இடமெல்லாம் முட்டுகிறது. கேட்கலாமென்றால், இவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ 1876லேயே காலமாகிவிட்டார். சைவர்களுக்கு இந்த நூலோடு ஒரு பழைய கணக்கு வேறு உண்டு. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அவனைத் திருப்பத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று பரம்பரையாகச் சொல்லிவந்தவர்கள் அவர்கள். அந்த மரபில் ஊறியவர் அக்கம்பக்கம் விசாரித்து, அதே ஊரில் ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். அங்கே சிந்தாமணியைப் படிக்கக் கேட்டு முடித்ததை விழாவாகவே கொண்டாடியிருக்கிறார்கள்! கல்லூரித் தமிழாசிரியருக்கு எட்டாத காவியம் அதே ஊரில், சம்சாரிகளின் வீட்டில், வழிபாட்டு நூலாக இருந்திருக்கிறது. சந்திரநாத செட்டியார் என்பவர் இவருடைய சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார். செட்டியார் மகாவித்துவான் இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, இவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படியேறும்போது உ.வே.சா. அகங்காரத்தைத் துறந்துவிட்டா போனார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் படிப்பின் மேல் அவருக்கு நல்ல மதிப்பு உண்டு, அந்தப் பக்கங்களை வாசித்தாலே தெரியும். ஆனால் கையில் ஒரு புரியாத பாட்டு இருந்தது, தான் யார் என்பதைவிட அந்தப் பாட்டு அவரை அதிகமாகப் படுத்தியது. 1887இல் சிந்தாமணி பதிப்பு வந்தது. பிறகு மணிமேகலைக்கு பௌத்தம் தேவைப்பட்டபோது உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியாரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு வாசல்.

உங்கள் கடிதத்தில் பணிவு இருக்கிறது, அகங்காரம் இருக்கிறது, குரு இருக்கிறார். அரங்கேற்று காதையில் எந்த வரி புரியவில்லை என்று ஒரு சொல் உண்டா? உங்களுக்கு இளங்கோ வேண்டாம் ஐயா, பணிவானவர் என்ற பெயர் வேண்டும். அதற்குக் குரு எதற்கு, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 42 வயதில், வேலை முடிந்து வந்து சிலப்பதிகாரத்தைத் திறக்கிறவர் மேல் எனக்கு உள்ளபடியே பிரியம்தான், வேறு யாராவது என்றால் இவ்வளவு திட்டமாட்டேன். யாழும் குழலும் பண்ணும் வருகிற காதையை, நரம்பில் விரல் வைத்துப் பழகியவர் சொல்லாமல் பின்னே யார் சொல்வது? அந்தப் பெண்ணிடமே போய்க் கேளுங்கள். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கின் அளவு வருமே, அந்த இடத்தில் நீங்கள் வரைந்து காட்டுங்கள், டிசைன் பிரிவு ஆயிற்றே.

சிலப்பதிகாரத்தின் பழைய உரைகாரர் அடியார்க்குநல்லாரின் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்துக்குள்ளேயே பழைய இசை, நாடக நூல்கள் பல போய்விட்டன. அதைச் சொல்லிவிட்டு, கையில் கிடைத்த இந்த ஐந்து நூல்களை வைத்துத்தான் உரை எழுதுகிறேன் என்று பெயர்களையும் கொடுத்துவிடுகிறார். அந்த ஐந்தில் ஒன்றான பஞ்சமரபு என்ற இசை நூலை 1970களில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் உங்கள் கொங்கு நாட்டுத் தெய்வசிகாமணிக் கவுண்டர். கிடைத்தால் வாங்குங்கள், தனியாகப் புரட்டாமல் குழுவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.