ஆஸ்திரேலியாவின் புரூம் கடற்கரையில் மாலை நேர ஒட்டகச் சவாரி செலவுக்குத் தகுமா? வயதான பெற்றோரை ஏற்றலாமா?

தகும். ஆனால் சூரியன் கடலில் மறைவதைப் பார்ப்பதற்காக என்று மட்டும் நினைத்துக் காசு கொடுக்காதீர்கள். சவாரி நடக்கிற புரூமின் கேபிள் கடற்கரை 22 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர் மேற்கே இந்தியப் பெருங்கடலைப் பார்த்துக் கிடக்கிறது. மணலில் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதே சூரியன்தான், அதுவும் இலவசம். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் நாம் கொடுப்பது ஒட்டகத்துக்கு. அந்தப் பிராணியின் மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் ஏறுங்கள். இல்லையென்றால் ஒரு துண்டை விரித்து, தின்பதற்கு எதையாவது வைத்துக்கொண்டு கரையில் உட்காருவதே மேல்.

நான் பெர்த்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது அவர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா ஏறினார், அம்மா ஏறவில்லை. நீங்களும் பெற்றோரையும் சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் வருவதாக எழுதியிருப்பதால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலில் தூரம். பெர்த்திலிருந்து புரூம் சாலை வழியாக இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் ஒரே மாநிலம் என்பதால் பலர் 'பக்கம்தானே' என்று நினைத்துவிடுகிறார்கள். விமானத்தில் இரண்டரை மணி நேரம். ஒட்டகத்துக்காக மட்டும் யாரும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புரூமில் இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால் அதில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். ஜூலை நல்ல தேர்வு. மழை கிடையாது, பகலில் இதமான வெயில். நவம்பர் முதல் மே வரை கடலில் விஷ ஜெல்லிமீன் தொல்லை, கூடவே புயல், புழுக்கம். அந்த மாதங்களைத் தவிர்த்தீர்களே, அது நல்லது. ஆனால் ஜூலையில்தான் ஆஸ்திரேலியாவின் பாதி ஜனம் குளிருக்குப் பயந்து அங்கே வந்து கிடக்கும். சவாரிக்கு முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது.

சவாரி எப்படி நடக்கும்? நீங்கள் போய்ச் சேரும்போது ஒட்டகங்கள் மணலில் வரிசையாக மடங்கி உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். எல்லாம் ஒற்றைத் திமில் ஜாதி. ஒரு சேணத்தில் இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக. யார் எந்த ஒட்டகத்தில் என்பதை வழிகாட்டிகளே உங்கள் உடம்பைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். எடையைக் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். பாரம் சரிசமமாக இல்லாவிட்டால் சேணம் ஒரு பக்கம் இழுக்கும், ஒட்டகத்தின் முதுகு புண்ணாகும்.

எழுந்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் மொத்தச் சவாரியிலும் பயமான கட்டம். ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் தூக்கும். நீங்கள் தலைகுப்புற விழப்போகிறவரைப் போல முன்னால் சாய்வீர்கள். அதற்குள் முன்னங்கால்கள் நிமிரும், உடம்பு பின்னால் போகும். உட்காரும்போது இதற்கு நேர்மாறு, முன் முழங்கால்கள் முதலில் மடங்கும். எழும்போது பின்பக்கம் சாய்ந்து, சேணத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் போதும். கைப்பேசியில் படம் பிடிக்கிற நேரம் இதுவல்ல. நாங்கள் போன அன்று முன்னால் இருந்த ஒருவரின் தொப்பி இந்த ஆட்டத்திலேயே பறந்துவிட்டது.

எழுந்த பிறகு பயம் போய்விடும். ஒட்டகம் ஒரு பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் ஒன்றாகத் தூக்கி வைக்கும், அப்புறம் அடுத்த பக்கம். அதனால்தான் சவாரி பக்கவாட்டில் ஆடுகிறது. இடுப்பை விறைப்பாக வைத்துக்கொண்டவர்களுக்கு அடுத்த நாள் வலிக்கும்; ஆட்டத்தோடு சேர்ந்து ஆடினால் ஒன்றும் தெரியாது. இரண்டு விரல்களோடு தட்டு போல விரிந்த பாதம் என்பதால் ஈரமணலில் புதைவதில்லை, சத்தமும் வருவதில்லை. குதிரையில் போனவர்களுக்குக் குளம்படிச் சத்தம் பழகியிருக்கும். இங்கே அலையும் சேணத்தின் கிறீச்சும்தான் கேட்கும்.

பின்னால் வருகிற ஒட்டகத்தின் முகம் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும். எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. இரட்டை வரிசை இமைமுடி, வேண்டும்போது மூடிக்கொள்ளும் மூக்குத் துளை, பிளந்த மேலுதடு எல்லாவற்றையும் அவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அது தும்மினால் என்ன ஆகும் என்பதைப் பேன்ட்டைத் துவைக்கும்போது தெரிந்துகொள்வீர்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம்.

சவாரி ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜூலையில் அங்கே ஐந்தரை மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், ஆகவே நாலரை மணி வாக்கில் கடற்கரையில் இருக்க வேண்டியிருக்கும். கடல் வற்றியிருக்கும் தாழ்நீர் நேரமாக அமைந்தால் உங்களுக்கு யோகம். புரூமில் பெரிய ஓதங்களின்போது நீர்மட்டம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிய ஈரமணலில் ஒட்டக வரிசை முழுவதும் தலைகீழாகத் தெரியும். நீங்கள் இணையத்தில் பார்த்த படங்கள் எல்லாம் அப்படிப்பட்ட மாலைகளில், கரையில் நின்றவர்கள் எடுத்தவை. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் படம் கிடைக்காது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் கிடைக்கும். முன்பதிவுக்கு முன்னால் ஓத அட்டவணையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எங்கள் அப்பா ஏறி உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி, "இந்த ஊருக்கு ஒட்டகம் எப்படிப்பா வந்துச்சு?" என்பதுதான். கங்காரு நாட்டில் ஒட்டகத்துக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் தோன்றியதுண்டு. அது நம் பக்கத்துக் கதை. 1860-இல் பர்க் என்பவர் தலைமையில் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்ட பயணத்துக்காக இந்தியாவிலிருந்து இரண்டு டஜன் ஒட்டகங்கள் மெல்பர்னில் வந்து இறங்கின. 1866-இல் தாமஸ் எல்டர் என்ற பண்ணை முதலாளி கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்களையும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். குதிரையும் மாடும் தண்ணீரில்லாமல் செத்த பாலைவனத்தில் இவை மூட்டை சுமந்தன. கம்பளி, சுரங்கத் தளவாடம், தண்டவாளம், தபால் என்று உள்நாட்டுக்குப் போனதெல்லாம் ஒட்டகத்தின் முதுகில்தான் போனது.

ஓட்டியவர்கள் பலுசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான் என்று பல பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கே எல்லாரையும் மொத்தமாக 'ஆப்கான்' என்றே கூப்பிட்டார்கள். அடிலெய்டிலிருந்து பாலைவனத்தைக் கடந்து போகும் 'தி கான்' ரயிலின் பெயர் அதன் மிச்சம். ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டிய நிலை. 1901-இல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மனைவி மக்களை வரவழைக்கவும் வழியில்லை. பலர் அங்கேயே பழங்குடிப் பெண்களை மணந்தார்கள். 1920-களில் லாரி வந்தது, ஒட்டகத்துக்கு வேலை போயிற்று. பதிவில்லாத ஒட்டகங்களைச் சுட அனுமதிக்கும் சட்டம் 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் வந்தது. சுட மனம் வராத பலர் அவிழ்த்துக் காட்டில் விட்டார்கள். அவை பெருகியதன் பலன், இன்று ஆஸ்திரேலியாவில் திரிவதுபோலக் காட்டு ஒட்டகம் உலகில் வேறெங்கும் திரிவதில்லை. வறட்சியில் கூட்டமாக ஊருக்குள் வந்து தண்ணீர்க் குழாயை உடைக்கும். 2020 தொடக்கத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பழங்குடி நிலங்களில் ஹெலிகாப்டரிலிருந்து ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிற ஒட்டகங்களில் பல, அப்படிக் காட்டிலிருந்து பிடித்துப் பழக்கியவை. உட்காரச் சொல்லி வழிகாட்டி கொடுக்கிற 'ஹூஷ்' என்ற குரல்கூட அந்த ஒட்டக ஓட்டிகள் விட்டுப்போனதுதான்.

கடற்கரையின் பெயரிலும் நம் ஊர்த் தொடர்பு உண்டு. 1889-இல் ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து கடலடித் தந்திக் கேபிள் இங்கே கரையேறியது. அதனால் கேபிள் கடற்கரை. அதற்கு முன்பே, 1871-இல், சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாக டார்வின் வரை கம்பி வந்துவிட்டது. ஆக லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன தந்திகள் சென்னையைத் தொட்டுப் போயிருக்கின்றன. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே பெருமை, ஏதோ அவரே கம்பி போட்ட மாதிரி. புரூம் கேபிள் 1914-இல் நிறுத்தப்பட்டது. அந்தத் தந்தி நிலையக் கட்டடம்தான் இன்று ஊரின் நீதிமன்றம்; மரத்தால் ஆன அழகான கட்டடம், பகலில் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எல்லாரும் தயங்கிக் கேட்கிற கேள்வி: ஒட்டகத்தைக் கொடுமைப்படுத்துகிறார்களா? எழும்போது அது போடுகிற சத்தத்தைக் கேட்டு அம்மாவே "பாவம், அழுவுது" என்றார். ஒட்டகம் வேலை சொன்னால் முணுமுணுக்கும், அது அதன் சுபாவம். சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், உடம்பைப் பாருங்கள். மூக்கில் முளை போட்டு, அதில் மெல்லிய கயிறு கட்டி, முன்னால் போகும் ஒட்டகத்தின் சேணத்தோடு இணைத்திருப்பார்கள். முளையைச் சுற்றிச் சீழோ ரத்தமோ இருக்கக் கூடாது. சேணம் உரசும் இடத்தில் முடி உதிர்ந்து புண் தெரியக் கூடாது. திமில் சரிந்து தொங்கினால் தீனி போதவில்லை என்று அர்த்தம். வழிகாட்டியிடம் ஒவ்வொன்றின் பெயரையும் கேளுங்கள். யோசிக்காமல் சொல்கிறவர் அவற்றோடு பழகுகிறவர். நாங்கள் போன வரிசையில் குறை சொல்ல எதுவும் என் கண்ணில் படவில்லை. உங்களுக்கு ஏதாவது பட்டால் ஏறாமல் திரும்பிவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

இப்போது பெற்றோர் விஷயம். வயது பிரச்சினையே இல்லை. இடுப்பும் முழங்காலும்தான் பிரச்சினை. சேணத்தில் கால்களை அகட்டி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், நடுவில் இறங்கவும் முடியாது. என் அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, தினமும் நடக்கிற உடம்பு, சிரமமே இல்லை. அம்மாவுக்கு இடுப்பு எலும்புத் தேய்மானம், ஆகவே நானே வேண்டாம் என்றேன். முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், தலைச்சுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக் கூடாது. புடவை, வேட்டி சரிப்படாது. சுடிதார் அல்லது தளர்வான பேன்ட். உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தால் சூரியன் மறைவதற்கு முன்பு நடக்கும் குறுகிய சவாரி இருக்கிறது, நேரமும் கட்டணமும் குறைவு. பையனுக்கும் அதுவே போதும் என்பேன். சின்னப் பிள்ளைகள் அரை மணிக்கு மேல் பொறுமையாக உட்கார மாட்டார்கள். குழந்தைகளுக்கான வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறாதவர்கள் கரையில் எங்கே உட்காருவது என்பதில் ஒரு எச்சரிக்கை. பாறைகளுக்கு வடக்கே உள்ள பகுதியில் உடையில்லாமல் இருக்க அனுமதி உண்டு. கூட்டம் அதிகமில்லையே என்று பெரியவர்களை அந்தப் பக்கம் காற்றாட நடக்க அனுப்பிவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். தெற்குப் பக்கம், புல்வெளியை ஒட்டிய மணல் குடும்பங்களுக்கு ஏற்றது. அம்மா அங்கே உட்கார்ந்து எடுத்த படங்கள்தான் எங்கள் பயணத்தின் நல்ல படங்கள்.

உங்கள் தேதி பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னொன்றும் உண்டு. ஊரின் மறுபக்கம், கிழக்கே பார்க்கும் ரோபக் விரிகுடாவில் தாழ்நீரின்போது சேற்றுப் பரப்பில் நிலவொளி படிக்கட்டு மாதிரி விழும். மார்ச் முதல் அக்டோபர் வரை, மாதத்தில் சில இரவுகள் மட்டும். பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரமும் நிலா எழுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடும், ஒட்டகத்தையும் அதையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ என்றால் நிலா தாமதமாக எழும். சவாரி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, காரில் பத்து நிமிடத்தில் அந்த விரிகுடாக் கரையில் உள்ள டவுன் பீச் போய்ச் சேர்ந்துவிடலாம். இதற்கான தேதிகள் முன்கூட்டியே வெளியாகின்றன, அதைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு போடுங்கள்.