நடித்தால் போதுமா, பார்க்க வேண்டாமா?

கேள்வி: குழந்தைகளை நாடகம் பார்க்க அழைத்துப் போகச் சொல்லிப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். என் மகள் மூன்று வருடமாகப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கிறாள். அது போதாதா? பார்க்க வேண்டுமென்றால் செல்போனிலேயே எல்லாம் இருக்கிறதே?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் தாராளமாக நடிக்கட்டும். ஆனால் இந்த மூன்று வருடத்தில் அவள் ஒரு நாடகமாவது பார்த்தாளா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாட்டே கேட்காத பிள்ளையைக் கச்சேரி மேடையில் உட்கார வைப்போமா? நாடகத்தில் மட்டும் கொஞ்சமும் யோசிக்காமல் அதைச் செய்கிறோம்.

நம்மிடம் இது பழைய வழக்கம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை, அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு தொடங்கியபோது அதில் சேர்ந்த, பின்னாளில் பெரிய நாடக நடிகரான தி.க. சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதினார். எம்.ஜி.ஆர்., சிவாஜி, என்.எஸ்.கே. எல்லாரும் இப்படிப்பட்ட ‘பாய்ஸ் கம்பெனி’களில் நடித்து வளர்ந்த பிள்ளைகள்தான். பெரிய வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டும் போச்சு, பெண் வேடமும் போச்சு என்ற பயத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாடுபட்டது பிள்ளைகள், எதிரே உட்கார்ந்து ரசித்தது பெரியவர்கள். இன்றைய ஆண்டு விழாவும் அப்படித்தான் நடக்கிறது. வாடகை உடையும் ரோஸ் பவுடருமாகப் பிள்ளைகள் மேடையில் நிற்கிறார்கள். கீழே நாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறோம். அவர்களுக்கென்று யார் நாடகம் போடுகிறார்கள்?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளி வேடம் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிறார். யாழ்ப்பாணத்தில் ‘மண் சுமந்த மேனியர்’ எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கம், சிறுவர்களுக்காக ‘கூடி விளையாடு பாப்பா’வும் எழுதினார். பெரியவர்களுக்கு அவ்வளவு கனமான நாடகம் தந்தவர், சிறுவர் நாடகத்தை இளப்பமாக நினைக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளை வைத்து நானும் நாடகம் இயக்கியிருக்கிறேன். ‘பயந்து போய் நில்’ என்றால், சீரியல் மட்டும் பார்த்த பிள்ளை கண்ணை உருட்டி நெஞ்சில் கை வைக்கும். கூத்து பார்த்த பிள்ளை முகத்தை விட்டுவிடும். பின்னங்காலை எடுத்து வைக்கும், தோளைக் குறுக்கும், பக்கத்தில் நிற்பவனின் சட்டையைப் பிடிக்கும். பயம் உடம்பு முழுக்க வரும் என்று அதற்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பார்த்ததுதான்.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்களில் தெருக்கூத்து நடக்கும்போது கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் ஆள் தெரியாது. கிரீடத்தின் முனை தெரியும், சலங்கை கேட்கும், பாட்டு வரும். முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்த பிள்ளைகள் குனிந்து திரைக்கு அடியில் காலைப் பார்ப்பார்கள், எட்டித் தலையைப் பார்ப்பார்கள். வருவது துரியோதனனா வீமனா என்று அவர்களுக்குள் சண்டையே நடக்கும். கடைசியில் திரை விலகும்போது பாதி வேடத்தை அவர்களே மனசில் கட்டி முடித்திருப்பார்கள். வீடியோவில் எதைப் பார்ப்பது என்பதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. இங்கே பிள்ளை இஷ்டம். வேண்டுமானால் முகவீணை என்ற குழலை ஊதுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அதோடு, பிள்ளை சிரித்தால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்குக் கேட்கும். அவன் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு வார்த்தை சேர்த்துச் சொல்வான். எந்தச் செல்போன் திரையும் உங்கள் மகளுக்குத் திருப்பிப் பதில் சொல்லாது.

பார்த்தே நாடகக்காரரானவர் என்றால் பம்மல் சம்பந்த முதலியாரைச் சொல்வேன். தமிழ் நாடகம் என்றாலே சிறுவயதில் அவருக்குப் பிடிக்காது. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைச் சென்னையில் பார்த்தார். அதே வருடம் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு பிறந்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

அதனால் இந்த வருடம் ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போங்கள். கூத்தோ சபா நாடகமோ, எது பக்கத்தில் கிடைக்கிறதோ அது. முன்னால் உட்காருங்கள். நடுவில் கதை சொல்லாதீர்கள். புரியாவிட்டால் அவளே கேட்பாள். தூங்கினால் தூங்கட்டும், சண்டைக் காட்சிக்கு எழுப்பினால் போதும். வீட்டுக்கு வந்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். யாரைப் பிடித்தது, எங்கே சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். அப்புறம் ஆண்டு விழாவுக்கு எந்தக் கதை போடலாம் என்று ஆசிரியை கேட்கும்போது, அவளிடமே சொந்தமாக ஒரு யோசனை இருக்கும்.