ஆம்ஸ்டர்டாமுக்குப் பதில் எங்கே போகலாம்?

(2021 டிசம்பரில், கொரோனா காலத்தில் எழுதிய பதில் இது.)

வணக்கம் சகோதரி. ஜெர்மனியின் கொலோனிலிருந்து அம்மாவையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு ஆம்ஸ்டர்டாம் கிளம்ப இருந்த நேரத்தில் அங்கே கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது, பதிலாகப் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆம்ஸ்டர்டாமை விட்டுவிடுங்கள். டிசம்பர் 19 முதல் அங்கே அருங்காட்சியகமும் உணவகமும் மூடியாயிற்று. குளிரில் தெருவில் நின்று பொட்டலச் சாப்பாடு சாப்பிட அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். ஸ்ட்ராஸ்பூர்க் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. போன வாரம் போனேன். பேராலயத்தின் முன்னே எல்லோரும் முகக்கவசத்தோடுதான். உணவக வாசலில் என் ஜெர்மன் தடுப்பூசிச் சான்றைக் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து உடனே உள்ளே விட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரான்ஸையும் 19ஆம் தேதி முதல் ஜெர்மனி கொரோனா அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஊசி போட்ட உங்களுக்கும் அம்மாவுக்கும் திரும்பும்போது பயணத்தை இணையத்தில் பதிவு செய்தால் போதும். ஊசி போடாத மகனோ ஐந்து நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். மழலையர் பள்ளி விடுமுறைக்குள் அந்த ஐந்து நாளும் அடங்குமானால் தயங்காமல் போங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு கொலோனிலேயே இருங்கள். அம்மாவுக்கு மூன்றாவது ஊசி போட்டாயிற்றா? அதை எழுதவில்லையே.