மாநில பட்ஜெட் வாக்கெடுப்பில் நகர மன்றம் ஒரு பக்கம் சேரலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். மாநில பட்ஜெட் பற்றிய ஒரு முன்மொழிவு நவம்பர் வாக்குச்சீட்டில் வருகிறது. அதை ஆதரித்துத் தீர்மானம் போட எங்கள் நகர மன்றம் அடுத்த வாரம் கூடுகிறது. இது அவர்கள் வேலையா? என் வரிப்பணத்தில் பிரசாரம் செய்வார்களா? ஓட்டில்லாத நான் அங்கே பேச முடியுமா?

பதில்: தீர்மானம் போடலாம். வரிப்பணத்தை வைத்து ஓட்டுக் கேட்கக் கூடாது.

1974-இல் பூங்காக்களுக்கான கடன் பத்திர வாக்கெடுப்புக்கு ஆதரவாக மாநிலப் பூங்காத் துறை பொதுப்பணத்தைச் செலவழித்தது. அந்த வழக்கில் (ஸ்டான்சன் எதிர் மாட், 1976) மாநில உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தகவலை நடுநிலையோடு தரலாம், பிரசாரத்துக்குப் பொதுப்பணம் தொடக்கூடாது. 2009-இல் சலினாஸ் நகர வழக்கில், பிரசுரத்தின் நடை, தொனி, வெளிவரும் நேரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்றது. பொதுக் கூட்டத்தில் விவாதித்து மன்றம் தன் கருத்தைப் பதிவு செய்வதற்குத் தடை இல்லை. உறுப்பினர்கள் தங்கள் சொந்த நேரத்தில், சொந்தப் பணத்தில் ஓட்டுக் கேட்கவும் செய்யலாம்.

சரி, நகரத்துக்கு ஏன் இந்த அக்கறை? சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த 1978-இன் ப்ராப் 13-க்குப் (ப்ராப் என்றால் வாக்குச்சீட்டில் வரும் முன்மொழிவு) பிறகு சொத்து வரியைப் பங்கிடும் அதிகாரம் மாநிலத்தின் கைக்குப் போனது. 1990-களின் தொடக்கத்தில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தபோது, நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் போக வேண்டிய சொத்து வரியை மாநிலம் பள்ளிகள் பக்கம் திருப்பியது. அதைத் தடுக்கத்தான் 2004-இல் உள்ளாட்சிகள் ப்ராப் 1ஏ-வை ஆதரித்து ஜெயித்தன. ஆனால் நெருக்கடி வந்தால் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி அதில் இருந்தது. 2009-இல் அந்த வழியாகவே மாநிலம் சுமார் 190 கோடி டாலரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே நகரங்கள் ப்ராப் 22-க்குப் பின்னால் திரண்டு அந்தக் கதவை அடைத்தன.

அப்புறம் நடந்ததை உங்கள் மன்றம் நினைவில் வைக்க வேண்டும். 2011-இல் மாநிலம் நகர மறுமேம்பாட்டு முகமைகளை (நலிந்த பகுதிகளைச் சீரமைக்கும் உள்ளாட்சி அமைப்புகளை) கலைக்க ஒரு சட்டமும், குறிப்பிட்ட பணம் கட்டினால் அவை நீடிக்கலாம் என்று இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் முதல் சட்டத்தை ஏற்றது. இரண்டாவதை, அப்படிப் பணம் கட்டச் சொல்வது ப்ராப் 22-க்கு விரோதம் என்று சொல்லி ரத்து செய்தது. நகரங்கள் கேட்டு வாங்கிய பாதுகாப்பே, சுமார் 400 முகமைகள் தப்பிக்க இருந்த கடைசி வழியை மூடிவிட்டது.

அதனால் தீர்மானத்தின் முடிவை மட்டும் பார்க்காதீர்கள், அதோடு இணைத்திருக்கும் அலுவலர் அறிக்கையைப் படியுங்கள். நம் நகரின் பொது நிதிக்கு என்ன வரும், என்ன போகும் என்று அதில் தொகை இருக்கிறதா? பக்க விளைவைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? இரண்டும் இல்லாமல் சக நகரங்கள் ஆதரிக்கின்றன என்று மட்டும் இருந்தால், அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். மாநிலத்தின் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் எழுதும் நடுநிலையான நிதி அலசல், வாக்காளர் கையேட்டில் வரும். அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் தாராளமாகப் பேசலாம். உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் மாநிலத்தின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். பொதுமக்கள் யாரும் பேசலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெயர் சொல்வதுகூட உங்கள் விருப்பம்தான். பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான் கிடைக்கும், ஆகவே மேலே சொன்ன இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். வர முடியாவிட்டால் நகரச் செயலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், அது உறுப்பினர்களின் பார்வைக்குப் போகும்.

தேர்தல் நெருங்கும்போது ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்ற தாள் நகரத்தின் முத்திரையோடு உங்கள் தபால் பெட்டியில் விழுந்தால், அதைத் தூக்கிப் போடாமல் தேதி குறித்து வைத்துக்கொண்டு, நகர வழக்கறிஞருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.